எந்த மடையில் இருந்தது கம்பு

டைபாய்டு காய்ச்சல் இறங்கிய பிறகு மருத்துவர் எனக்கு எழுதிக் கொடுத்த சீட்டின் கடைசி வரி மாத்திரையைப் பற்றியது அல்ல. ‘காலையில் மெதுவாக நடக்கவும், களைத்தால் உட்காரவும்’ என்று இருந்தது. வில்லியனூர்க் கடைத்தெருவில் எங்கள் வீடு, முன்பக்கம் பலசரக்குக் கடையும் பின்பக்கம் குடித்தனமுமாக இருந்தது. மூட்டை இறக்கும் வண்டிகளுக்கு வழி விட்டு ஒதுங்குவதே அங்கே நடையாகிவிடும். ஆகவே புரட்டாசி பாதி கழிந்த நிலையில், பாகூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் வாழ்க்கைப்பட்டிருந்த என் அக்காவின் வீட்டுக்கு என்னை அனுப்பிவைத்தார்கள். எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்திரண்டு வயது. பி.ஏ. தேர்வு எழுதி, முடிவும் வந்து, இனி என்ன செய்வது என்று நான் தீர்மானிப்பதற்குள் காய்ச்சல் முந்திக்கொண்டிருந்தது.

உடம்பு தேறிக்கொண்டிருந்தது, மனம் தேறவில்லை. சீப்பைக் கையில் வைத்துக்கொண்டே சீப்பைத் தேடினேன். தலை வாரினால் முடி கொத்துக் கொத்தாக வந்தது. அக்காவிடம் “அத்த எடு” என்பேன். எதை என்று அவள் திருப்பிக் கேட்டால், கண்ணெதிரே இருக்கும் பொருளின் பெயர் வராது. காலையில் நடந்ததை முந்தாநாள் நடந்ததாகவும், முந்தாநாள் கேட்டதை இப்போது கேட்பதாகவும் எண்ணிக்கொண்டேன். ஐந்து வாரக் காய்ச்சலுக்குப் பிறகு இது வழக்கந்தான், நாளாவட்டத்தில் சரியாகிவிடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதனால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் நினைவை நம்பி யாரும் எதையும் தீர்மானிக்கப் போவதில்லை என்றே நினைத்திருந்தேன்.

அக்காவின் கணவரை மாமா என்று அழைப்பேன். அவரும் கடைக்காரர்தான்; கூடவே ஏரிப் பாசனத்தில் இரண்டு காணி நிலமும் வைத்திருந்தார். நான் வந்த நாள் முதல், சரக்கு எடுக்கக் கடலூர் போகும்போதெல்லாம் எனக்கென்று சாத்துக்குடி வாங்கி வந்தார். பொரிக் கஞ்சி எனக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்ததும், எதிரே உட்கார்ந்து தாமும் ஒரு கிண்ணம் குடித்தார். “ஒனக்குத் தொணைக்கு நானும் நோயாளி ஆயிட்டேன் மாப்ள” என்பார்.

நடைக்கு நான் தேர்ந்தெடுத்த வழி எளிமையானது. தெருமுனையில் தொடங்கும் வண்டிப்பாதை, பிறகு வாய்க்கால் கரை, பிறகு ஏரிக்கரை. இவ்வளவையும் சேர்த்தால் ஒரு மைல் இருக்கலாம். அந்தப் பக்கத்தில் ஊர்களின் எல்லை நேர்கோட்டில் போகாது. புதுச்சேரியின் பாகூர் கொம்யூன் வட்டாரத்தில் புறப்படுகிறவன் நான்கு வயலைத் தாண்டினால் தமிழ்நாட்டுத் தென்னார்க்காடு மாவட்டத்துக்குள் இருப்பான். ஒரு வளைவு திரும்பினால் மறுபடி புதுச்சேரி. எல்லைக் கல் ஒன்று வாய்க்கால் ஓரத்தில் சாய்ந்து கிடந்தது. அதன் எந்தப் பக்கம் எந்த அரசு என்பதை நான் நாள்தோறும் ஒருமுறை தெரிந்துகொண்டு நாள்தோறும் மறந்தேன். பாதையின் இரு ஓரமும் தும்பை பூத்திருந்தது. தட்டாம்பூச்சிகள் முழங்கால் உயரத்தில் பறந்தன. மழை வரப்போகிறது என்பதற்கு அது அடையாளம் என்றார்கள். மழை மட்டும் வரவில்லை. பத்து நாளாக வானம் மூடிக்கொண்டே இருந்தது, ஒரு துளி விழவில்லை. கடலோரப் பனித்திட்டிலிருந்து கூடை சுமந்து ஓட்டமும் நடையுமாக வரும் மீன்காரப் பெண்கள் என்னைக் கடக்கும்போது, “இன்னும் மீன் துன்ன வுடலியா தம்பி?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விடுவார்கள்.

ஏரியிலிருந்து வரும் வாய்க்கால் ஒரு புங்கமரத்தின் அருகே இரண்டாகப் பிரிந்தது. மேல வாய்க்கால், கீழ வாய்க்கால். இரண்டுக்கும் தனித்தனியே மண்ணால் அடைத்துத் திறக்கும் மடை உண்டு. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் எட்டு அடி இருக்கலாம். நான் அங்கே உட்கார்ந்து இளைப்பாறிவிட்டுத் திரும்புவது வழக்கம்.

அந்த நாளில் வழக்கத்தைவிட அதிகமாகக் களைத்திருந்தேன். மரத்தடியில் நெடுநேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தபோது முழங்கால் நடுங்கியது. வாய்க்கால் ஓரத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கம்பு குத்தியிருந்தது. தோல் சீவிய, கைக்கு அடக்கமான பூவரசங்கம்பு. அதன் தலையில் யாரோ வைக்கோலைப் பிரியாகத் திரித்துக் கட்டியிருந்தார்கள். விளையாட்டாக யாராவது கட்டியிருப்பார்கள் என்று எண்ணினேன். கம்பைப் பிடுங்கி, வைக்கோலை அவிழ்த்துத் தண்ணீரில் போட்டுவிட்டு, அதை ஊன்றிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். என் கை பற்றிக்கொள்ள ஒன்று தேடியது, அகப்பட்டது, அவ்வளவுதான். கடைத்தெருவில் வளர்ந்தவனுக்கு ஒரு கம்பில் அதற்குமேல் என்ன தெரியும்?

அன்று சாயங்காலம் மாமா கடையை முன்னதாகவே அடைத்துவிட்டு வந்தார். முகம் சிவந்திருந்தது. அவருடைய நிலத்தில் அன்று சேடை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். உழுத நிலத்தில் தண்ணீர் கட்டிச் சேறாக்குவதைச் சேடை என்பார்கள். பாதி நிலத்தில் ஏர் போய்க்கொண்டிருக்கும்போதே வாய்க்காலில் தண்ணீர் நின்றுவிட்டது. இரண்டு ஏர்களும் திரும்பிவிட்டன.

“அந்தப் பொம்பள வேலதான். மொற முடியறதுக்கு முன்னாடியே கம்பப் புடுங்கி எங்கியோ கடாசிட்டு மடைய மாத்திக்கிச்சி. நாளைக்கி நாட்டாமகிட்ட வெச்சிக்கிறேன்” என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றியவர், கதவோரம் சாத்தியிருந்த கம்பைப் பார்த்து அப்படியே நின்றார்.

“இது இன்னா?”

“ஊனிக்கினு நடக்க எடுத்தாந்தேன் மாமா. வாய்க்கா ஓரமா குத்தியிருந்துச்சி.”

“தலையில வைக்கோல் இருந்துச்சா?”

“இருந்துச்சி. அவுத்துத் தண்ணியில போட்டுட்டேன்.”

மாமா முதலில் சிரித்தார். சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டார். “அடி, ஒன் தம்பி பண்ண வேலைய வந்து பாருடி. ஊரே தேடுது, கம்பு நம்ப வூட்டுல குந்திக்கினு கீது” என்றார். பிறகுதான் எனக்கு விளக்கினார். மழை இல்லாத காலத்தில் இரண்டு வாய்க்காலுக்கும் நான்கு நான்கு நாள் முறைவைத்துத் தண்ணீர் விடுவார்கள். எந்த மடையருகே கம்பு குத்தியிருக்கிறதோ, அந்த வாய்க்காலுக்கு முறை ஓடுகிறது என்று பொருள். நான்காம் நாள் உச்சியில், நிழல் காலடிக்கு வரும் நேரத்தில், கம்பை மறு மடைக்கு மாற்றிக் குத்துவார்கள். இதற்கென்றே ஊரில் ஒருவர் இருந்தார். அவரைக் கம்புகட்டி என்று அழைத்தார்கள். மேல வாய்க்கால் முறையின் நான்காம் நாளான அன்று அவர் தம் மகளின் பிரசவத்துக்காக விடியற்காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். புறப்படும்போது கம்பு மேல மடையில், மாமாவின் பக்கம், இருந்தது. இவ்வளவும் எல்லோருக்கும் தெரிந்தது. கம்பு அதற்குப்பின் எங்கே போனது என்பது மட்டும் தெரியவில்லை.

மாமாவின் சிரிப்பு நின்றது. அவருக்கு ஏதோ தோன்றியிருக்க வேண்டும்.

“மாப்ள, எந்த மடையில புடுங்கின? மேல மடையிலயா, கீழ மடையிலயா?”

நான் வாயைத் திறந்தேன். பதில் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை.

அந்தக் கேள்வியின் முழு எடையும் எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. கீழ வாய்க்காலில் முதல் நிலம், விளைச்சலில் பங்கு தருவதாக வாரத்துக்குப் பயிர் செய்யும் ஓர் அம்மாளுடையது. நிலத்துக்குச் சொந்தக்காரர் பட்டணத்தில் இருந்தார். கம்பே இல்லாத மடையைத்தான் தாம் பார்த்ததாகவும், உச்சி ஆகிவிட்டது என்று எண்ணித் திறந்ததாகவும் அந்த அம்மாள் சொல்லியிருந்தார். நான் மேல மடையிலிருந்து பிடுங்கியிருந்தால், அவர் சொன்னது உண்மை. கீழ மடையிலிருந்து என்றால், நான் போவதற்கு முன்பே யாரோ கம்பை மாற்றிக் குத்தியிருக்க வேண்டும். நான் வீடு திரும்பியது அக்கா உலை வைப்பதற்கு முன். அதாவது உச்சிக்கு வெகு முன்பு. அப்படியானால் அது தண்ணீர்த் திருட்டு. அதற்கு ஊர் வைத்திருந்த தண்டனை, ஒரு முறையைப் பறிப்பது. பறித்தால் அந்த அம்மாளுக்கு அடுத்த தண்ணீர் எட்டு நாள் கழித்துத்தான் வரும். அவருடைய நாற்றுக்கு ஏற்கெனவே நாற்பது நாள் தாண்டிவிட்டது. முற்றிய நாற்றை நட்டுப் பயனில்லை. நடாத நிலத்தைச் சொந்தக்காரர் வேறொருவருக்கு விட்டுவிடுவார் என்பதை மாமாவே சொன்னார்.

“ஒடச்சி அடுப்புல வெச்சிடறேன்” என்றாள் அக்கா. “யாருக்குத் தெரியும்? ஒடம்பு சரியில்லாத புள்ளைய எதுக்குப் பஞ்சாயத்துக்கு இட்டுக்கினு போறது?”

“வைடி கம்ப கீழ” என்றார் மாமா. “அந்தம்மா புடுங்கலன்னா, புடுங்கிச்சின்னு நான் எப்படிச் சொல்றது? நாளைக்கி வந்து சொல்லட்டும். எந்த மடையோ, அந்த மடை.”

அவர் இவ்வளவு நேர்மையாக இல்லாமல் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும் என்று அப்போது நினைத்தேன். அநியாயக்காரருக்கு எதிராகப் பேசுவதற்குத் தேவையான சொற்கள் அனைத்தும் கல்லூரியில் எனக்குக் கிடைத்திருந்தன. வாரக் குடிகளைப் பற்றி மாணவர் கூட்டத்தில் அரைமணி நேரம் பேசியவன் நான். அந்தச் சொற்களில் ஒன்றுகூட, கஞ்சிக் கிண்ணத்துடன் எதிரே உட்கார்ந்திருந்த இந்த மனிதருக்குப் பொருந்தவில்லை.

மறுநாள் காலை புங்கமரத்தடியில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடியிருந்தார்கள். முடிவு தெரியும்வரை ஏரி மதகை அடைத்து வைக்கும்படி நாட்டாமை முந்தின மாலையே சொல்லியிருந்ததால் வாய்க்காலில் தண்ணீர் இல்லை. கம்புகட்டி திரும்பியிருந்தார். கம்பை வாங்கித் தடவிப் பார்த்து, “நம்முளுதுதான்” என்றார். தமக்குப் பேத்தி பிறந்த செய்தியையும் அதே மூச்சில் சொன்னார்.

வாரத்துக்குப் பயிர் செய்யும் அந்த அம்மாளை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். முப்பத்தைந்து வயது இருக்கலாம். புடவையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றார்.

“கம்ப நான் புடுங்கினேன்னா என் கை அழுவிப் போவட்டும். வந்தேன், கம்பு இல்ல. கூப்ட்டேன், ஆளு இல்ல. வானத்தப் பாத்தேன், சூரியனும் இல்ல. நான் யாரக் கேக்கறது?”

“ஒன் வயித்தக் கேட்டியா?” என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். சிரித்தார்கள்.

“என் வயிறு வெடிஞ்ச ஒடனே உச்சின்னு சொல்லும்யா. அத்த நம்பியா மடையத் தொறப்பாங்க?” என்றார் அவர். இப்போது இன்னும் உரக்கச் சிரித்தார்கள்.

மாமா நான் செய்ததைச் சொன்னார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். “பி.ஏ. படிச்ச புள்ளைக்கு மடைக்கம்பும் மாட்டுக்கம்பும் ஒண்ணு” என்று ஒருவர் சொல்ல, “நல்லவேள மதகப் புடுங்கிக்கினு போவல” என்றார் மற்றொருவர். நாட்டாமை கை உயர்த்தி அடக்கினார். அவர் வயதில் பெரியவர் அல்லர், நாற்பதுக்குள்தான் இருக்கும். தோளில் துண்டும் கையில் டிரான்சிஸ்டர் ரேடியோவுமாக வந்திருந்தார்.

“தம்பி, எந்த மடைன்னு ஞாபகம் கீதா?”

“நெனச்சிப் பாக்கறேங்க.”

“நெனச்சா வராது. நேத்து எப்படி வந்தியோ அப்படியே நடந்து வா. பாதி தூரத்துலேருந்து வா. கால் சொல்லும். யாரும் பேசாதீங்கப்பா.”

ஆகவே நான் நடந்தேன். எல்லைக் கல் வரை போய்த் திரும்பி, பின்னால் கம்புகட்டி கம்போடு வர, நேற்று நடந்தது போலவே இன்றும் நடக்க முயன்றேன். நேற்று எப்படி நடந்தேன் என்று யோசிக்கத் தொடங்கியதுமே கால் தன் இயல்பை இழந்துவிட்டது. தும்பைச் செடியைப் பார்த்தேனா? பார்த்திருப்பேன். அது நேற்றைய தும்பையா, அதற்கு முந்தின நாளினுடையதா? மரத்தடியில் உட்கார்ந்தேன். எழுந்தேன். முழங்கால் நேற்றைப் போலவே நடுங்கியது. அது ஒன்றுதான் உண்மையாக இருந்தது.

இரண்டு மடையும் எதிரே இருந்தன. கம்பு குத்தியிருந்த குழி தெரிந்தால் போதும். ஆனால் திரும்பிப் போன ஏர்மாடுகள் கரை முழுவதையும் மிதித்துக் கலக்கியிருந்தன. எனக்கு ஒரே ஒரு காட்சி மட்டும் தெளிவாக நினைவில் இருந்தது: நான் தண்ணீரில் போட்ட வைக்கோல் இடப்பக்கமாக மிதந்து போனது. அதைக் கண்ணால் கண்டேன், அதில் ஐயமில்லை. இடப்பக்கம் எந்தப் பக்கம்? ஏரியைப் பார்த்து நின்றிருந்தால் இடப்பக்கம் மேல வாய்க்கால். ஊரைப் பார்த்து நின்றிருந்தால் கீழ வாய்க்கால். நான் எதைப் பார்த்து நின்றிருந்தேன்? ஏரிப் பக்கம் திரும்பி நின்று பார்த்தேன், சரியாக இருந்தது. ஊர்ப் பக்கம் திரும்பி நின்று பார்த்தேன். அதுவும் சரியாக இருந்தது.

“சாமி சுத்துது” என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

நான் தயங்குவதைக் கண்டு அந்த அம்மாள் அருகே வந்தார். “எனக்காவ ஒண்ணும் சொல்லாத தம்பி. பாத்தத மட்டும் சொல்லு” என்றார்.

“நல்லாப் பாத்துச் சொல்லு மாப்ள. அவசரமில்ல” என்றார் மாமா.

தெரியவில்லை என்று சொன்னால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பார்த்தேன். தெரியவில்லை என்பது நடுநிலை போலத் தோன்றும், நடுநிலை ஆகாது. கம்பு இல்லாத நேரத்தில் மடையை மாற்றியவர் என்ற பழி அந்த அம்மாள் மீதே நிற்கும், முறை போகும், நாற்று போகும், நிலம் போகும். மேல மடை என்றால் மாமாவுக்கு நான்கு நாள் தாமதம். அவர் நாற்று இளசு. அவருக்குக் கடையும் இருந்தது. கணக்கு இவ்வளவு தெளிவாக இருந்ததே என்னைக் குழப்பியது. ஏரியைப் பார்த்து நின்றேன் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறதே, அது நினைவா? அல்லது யாருக்கு எவ்வளவு நட்டம் என்று எடைபோட்ட பிறகு மனம் தானாகவே ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டதா? பிரித்துப் பார்க்க முயன்றேன். இரண்டும் ஒரே நிறத்தில் இருந்தன.

மேல மடையைச் சுட்டிக்காட்டி, “இங்க” என்றேன்.

என் குரல் உறுதியாக ஒலித்தது. அது எனக்கே வியப்பாக இருந்தது.

நாட்டாமை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “கம்ப எடுத்தது இந்தப் புள்ள. எடுத்த எடம் மேல மட. அந்தம்மா மேல குத்தம் இல்ல. கீழ வாய்க்காலுக்கு மொற ஓடட்டும். மதகத் தொறங்கப்பா.” பிறகு என்னைப் பார்த்து, “புடுங்கினவன் கையாலதான் திருப்பிக் குத்தணும். அது இங்க வழக்கம்” என்றார். கீழ மடையருகே நான் கம்பைக் குத்தினேன். வைக்கோலைக் கையில் கொடுத்தார்கள். எனக்குப் பிரி திரிக்கத் தெரியவில்லை. கம்புகட்டி வாங்கி ஒரே இழுப்பில் திரித்துக் கட்டி, “பரீச்சையில இது வராதுல்ல” என்றார்.

அன்று பகலில் அக்கா என் கிண்ணத்தில் கஞ்சியைச் சத்தம் வரும்படி ஊற்றினாள். “கஞ்சி ஊத்தறது ஒருத்தரு, சாட்சி சொல்றது இன்னொருத்தருக்கு.”

“சும்மா இருடி. அவன் பாத்தத சொன்னான்” என்றார் மாமா.

அந்தச் சொல்லுக்குப் பிறகு என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான்கு நாள் நடையை வேறு பக்கமாக மாற்றிக்கொண்டேன். கோயில் குளத்தைச் சுற்றி வந்தேன். பள்ளிக்கூடச் சுவர் ஓரமாகப் போய்த் திரும்பினேன். கால் பலப்பட்டு வந்தது. பெயர்கள்கூட ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அந்தக் காலையின் நினைவு மட்டும் திரும்பவில்லை. எத்தனை முறை எண்ணிப் பார்த்தேனோ அத்தனை முறை தேய்ந்து, ஒரு கட்டத்தில் நான் சொன்னதைத்தான் நினைவாகக் காண்கிறேனோ என்ற நிலைக்கு வந்துவிட்டது.

ஐந்தாம் நாள் வாய்க்கால் கரைப் பக்கம் போனேன். அந்த அம்மாளின் நிலத்தில் நடவு நடந்துகொண்டிருந்தது. ஆறேழு பெண்கள் வரிசையாகக் குனிந்து பின்னோக்கி நகர்ந்துகொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் அவர் வரிசையை விட்டு வரப்புக்கு வந்தார். முழங்கை வரை சேறு.

“தம்பி, ஒண்ணு கேக்கறேன். மேல மடன்னு சொன்னியே, அது நெஜமா?”

இந்தக் கேள்வியை அவரிடமிருந்து நான் எதிர்பார்க்கவில்லை. “ஏங்க்கா கேக்கறீங்க?”

அவர் நடவு நடும் பெண்களை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். அவருடைய கணவர் ஏம்பலம் பக்கத்தில் கரும்புத் தோட்டத்தில் காய்ந்த சோகை உரிக்கப் போயிருந்தார். அந்த நாள் காலையில் அவர் புறப்பட்டது இந்தக் கரை வழியாகத்தான்.

“நான் புடுங்கல. சத்தியமா நான் தொடல. ஆனா அந்த ஆளு போற போக்குல மாத்திக் குத்திட்டுப் போயிருந்தா? நாத்து முத்துதேன்னு ராவும் பகலும் பொலம்பிக்கினு இருந்தது நான்தான். நேத்து வந்துச்சி. கேட்டேன். ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. சோத்தத் துன்னுட்டு அந்தாண்ட திரும்பிப் படுத்துக்கிச்சி. அதான் ஒன்னக் கேக்கறேன். நீதான் கண்ணால பாத்தவன்.”

“தெரியலக்கா” என்றேன்.

“தெரியலன்னா?”

“எந்த மடைன்னு எனக்கு அன்னிக்கும் தெரியல. இன்னிக்கும் தெரியல.”

அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். நன்றி சொல்வார் என்றும் ஒரு கணம் நினைத்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் இரண்டையும் செய்யவில்லை. கையில் காய்ந்துகொண்டிருந்த சேற்றை நகத்தால் சுரண்டிக்கொண்டே நின்றார்.

“எனக்காவ சொல்லாதன்னு சொன்னேனே தம்பி.”

“சொன்னீங்க.”

“அப்ப நீ சொன்னது எனக்காவவா, இல்ல ஒனக்காவவா?”

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. “சரி வுடு. அடுத்த மொறையில என் தண்ணியில அர நாளு ஒங்க மாமாவுக்கு வுட்டுடறேன். கம்புகட்டிகிட்ட சொல்லி வெச்சிட்டேன். திருடியிருந்தா திருப்பிக் குடுத்ததா போவட்டும், திருடலன்னா தருமமா போவட்டும். ஏன்னு மாமா கேட்டா நீ வாயத் தொறக்காத. கேட்டியா?” நாற்றுக்கட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு மறுபடி சேற்றில் இறங்கினார். அவர் விட்டுவந்த இடம் வரிசையில் இடைவெளியாக நின்றிருந்தது. அவர் போய்க் குனிந்ததும் மற்றவர்கள் அவருக்காகச் சற்று நிதானித்தார்கள்.

அடுத்த முறை வரவில்லை. இரண்டு நாளில் மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசியின் முதல் வாரம் முழுவதும் பெய்தது. ஏரி நிறைந்தது, இரண்டு மடையும் திறந்தே கிடந்தன, யாருக்கும் யாருடைய தண்ணீரும் வேண்டியிருக்கவில்லை. மாமாவின் நிலத்திலும் நட்டார்கள். கம்புகட்டி கம்பைத் தம் வீட்டுக் கூரை இறவாணத்தில் செருகிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அந்த அரை நாள் தண்ணீர் கொடுக்கப்படவும் இல்லை, வேண்டாம் என்று மறுக்கப்படவும் இல்லை.

மாமாவிடம் உண்மையைச் சொல்ல வேண்டுமா என்று அந்த வாரம் முழுவதும் யோசித்தேன். சொன்னால், அந்த அம்மாளின் வீட்டுக்காரர் மீது ஐயம் திரும்பலாம்; அவர் செய்தார் என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. சொல்லாவிட்டால், எனக்குச் சோறு போட்டவர் என்னைப் பற்றித் தவறான ஒன்றை நம்பிக்கொண்டிருப்பார். எது பெரிய தீங்கு என்று என்னால் நிறுக்க முடியவில்லை. நிறுத்துப் பார்க்கும் பழக்கமே என்னை இந்த இடத்தில் கொண்டுவந்து விட்டது என்றும் தோன்றியது. நிறுக்காமல் எப்படி முடிவெடுப்பது என்பதும் தெரியவில்லை.

வில்லியனூருக்குத் திரும்பும் நாளில் மாமா என்னைப் பேருந்து நிறுத்தம் வரை கொண்டுவிட வந்தார். மழை விட்டிருந்தது, சாலையோரப் பள்ளங்களில் தண்ணீர் நின்றது. என் கைப்பெட்டியைத் தாமே தூக்கிக்கொண்டார். கூடவே ஒரு துணிப்பை நிறையச் சாத்துக்குடி.

“ஒண்ணு சொல்லட்டுமா மாப்ள” என்றார். “எனக்கு எதிராப் போவும்னு தெரிஞ்சும் அன்னிக்குப் பாத்தத பாத்தபடி சொன்ன பாரு. ஒங்கக்காகிட்ட கூட சொன்னேன். படிச்சா இப்படிப் படிக்கணும்.”

வண்டி இன்னும் வரவில்லை. வந்திருந்தால் சொல்லாமல் ஏறியிருப்பேனோ என்னவோ.

“மாமா, எனக்கு ஞாபகமே இல்ல.”

“இன்னா ஞாபகம் இல்ல?”

“எந்த மடைன்னு. அன்னிக்கு எனக்கு ஞாபகமே இல்ல.”

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்கவில்லை, எதிரே தேங்கியிருந்த தண்ணீரைப் பார்த்தார்.

“அப்ப கீழ மடையாவும் இருந்திருக்கலாம்.”

“இருந்திருக்கலாம்.”

“மேல மடையாவும் இருந்திருக்கலாம்.”

“ஆமாம் மாமா.”

“தெரியாதத எதுக்குத் தெரிஞ்ச மாதிரி சொன்ன?”

அந்த அம்மாளின் நாற்றைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். நிலத்தைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். எல்லாக் காரணமும் என்னிடம் இருந்தது. ஆனால் காரணங்கள் இருந்ததனால் அப்படிச் சொன்னேனா, அல்லது சொன்னது உண்மையாகவே நினைவுதானா என்பது எனக்கே தெரியாத நிலையில், ஒன்றைக் காரணம் என்று எடுத்து வைப்பது இன்னொரு பொய்யாகும் போலிருந்தது. அரை நாள் தண்ணீரைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. அது ஒன்றில் மட்டும் என் கடமை தெளிவாக இருந்தது.

பேருந்து வந்து நின்றது. மாமா பெட்டியை உள்ளே ஏற்றி, துணிப்பையை என் மடியில் வைத்தார். “மேல எதையும் வெக்காத. பழம் நசுங்கிடும்” என்றார். அவ்வளவுதான். வண்டி புறப்படும்வரை நிற்கும் வழக்கமுள்ளவர், அன்று இறங்கியதும் நடந்துவிட்டார். வேகமாக நடக்கவில்லை, மெதுவாகவும் நடக்கவில்லை. பள்ளத்துத் தண்ணீரை ஒதுங்காமல் மிதித்துக்கொண்டு போனார். அவர் கோபமாகப் போகிறாரா, யோசித்துக்கொண்டு போகிறாரா என்பதை முதுகை வைத்து என்னால் சொல்ல முடியவில்லை. பக்கத்து இருக்கையில் இருந்தவர், “யாரு, சொந்தக்காரரா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.